கழுவாமல் விட்ட கோப்பை

நான் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொண்ட அந்த அம்மா பக்தாத்தில் பிறந்த யூதப் பெண். எண்பதை நெருங்கியவர். இடுப்பெலும்பு முறிந்து ஆறிய பிறகும் தள்ளுவண்டியைப் பிடிக்காமல் நாலடி வைக்க முடியாது. காலையில் நான் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து இரண்டு பஸ் மாறி அவரிடம் போவேன். குளிக்க வார்ப்பது, சமைப்பது, கதை கேட்பது. கடைசி வேலைக்குச் சம்பளம் இல்லை, ஆனாலும் அதற்காகத்தான் போனேன் என்றே சொல்லலாம். நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. ஆட்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குக் கொஞ்சம் உலகம் தெரிந்தது.

நாங்கள் பேசியது பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு, மிச்சம் கை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் மனதில் எங்கள் ஊர்த் தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

ஒருநாள் மஞ்சள் போட்ட மாங்காய் ஊறுகாய்ப் போத்தலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது பக்தாத் சாமான், பிள்ளை. கவனமாத் தின்."

"இது எங்கடை சாமான், மடாம்."

"உங்கடை ஆக்கள் கப்பலிலை அனுப்பினவை. நாங்கள்தான் தின்னக்கூடியமாதிரித் திருத்தினனாங்கள்."

அவருக்கு இருந்த ஒரே சிநேகிதி எதிர்வீட்டு ஹெய்ட்டிக்காரி. அவரும் கணவரை இழந்தவர். மதியம் நான் வெளிக்கிடும்போது சீட்டுக்கட்டோடு வருவார். இருவரும் ஒருவரையொருவர் கள்ளி என்று திட்டிக்கொண்டுதான் விளையாடத் தொடங்குவார்கள்.

அந்தப் பனிக்காலத்தில் அம்மா குளியலறையில் மறுபடி விழுந்தார். அவர் மகள் எங்கள் நகரம் இருக்கும் தீவின் மேற்குக் கோடியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் இருப்பவர். தன் வீட்டுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் இடம் எடுத்துவிட்டார். என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இனி இஞ்சை வரமாட்டா. ஆனா அதைச் சொன்னா வெளிக்கிடவும் மாட்டா. ரெண்டு கிழமை, காலுக்குப் பயிற்சி எண்டு சொல்லியிருக்கிறன். வீடு இருக்கிறபடி இருக்கட்டும். ஒண்டையும் ஒதுக்காதேங்கோ."

"நான் பொய் சொல்லமாட்டன். கேட்டா வாய் திறக்காமல் நிப்பன், அவ்வளவுதான்" என்றேன்.

"அது காணும், போதும்."

எதிர்வீட்டுக்கும் அதே இரண்டு வாரக் கதைதான் சொல்லப்பட்டது.

போகும் நாள் காலையில் மகள் எல்லாவற்றையும் தானே பார்த்து வைத்தார். கொடித்தட்டில் ஈர உடுப்பு, கொழுவியில் கனத்த கோட்டு, குளிர்சாதனப் பெட்டியில் பாதிச் சூப்பு. அம்மா குடித்த கோப்பிக் கோப்பையை நான் எடுக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். பிறகு காரை வாசலுக்குக் கொண்டுவரக் கீழே இறங்கினார். இரவு கொட்டிய பனியை முதலில் வழிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் எடுக்கும்.

அம்மா தள்ளுவண்டியோடு சமையலறை வாசலில் நின்று மேசையைப் பார்த்தார்.

"நீ கோப்பை கழுவாமல் விட்டதை இண்டைக்குத்தான் காணுறன்."

நான் பேசவில்லை.

"சூப்பும் அப்பிடியே இருக்கோ?"

என் பார்வை குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போனது.

அம்மா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கோபம் இல்லை. நெடுநாள் காணாத ஆளைக் கண்டதுபோலக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா கப்பல் கந்தோரிலை கிளாக்கரா இருந்தவர். யூதன் எண்டு ஒருநாள் மேசையை விட்டு எழுப்பினாங்கள். பேந்து எங்கடை டெலிபோனை வெட்டினாங்கள். அண்ணையைப் பொலிஸ் கொண்டுபோய்க் கொஞ்ச நாள் அடைச்சு வைச்சிருந்து பிறகு விட்டாங்கள். வந்தவர் பிறகு எங்களைப் பாத்துச் சாப்பிட்டதே இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்துதான் சாப்பிடுவார். எங்கடை ஆக்களை உளவாளியள் எண்டு சதுக்கத்திலை தூக்கிலை போட்டு, வந்து பாருங்கோ எண்டு றேடியோவிலை கூப்பிட்டாங்கள். சனம் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போச்சுது. அண்டைக்குத்தான் அம்மா, இனிப் போவம் எண்டா."

யூதர்கள் நாட்டை விட்டுப் போகத் தடை இருந்ததால், வடக்கே மலைப் பக்கம் காற்று வாங்கப் போவதுபோலத்தான் புறப்பட்டார்களாம். ஆளுக்கொரு சின்னப் பை. கொடியில் ஈர உடுப்பு, அடுப்பில் பாதிச் சோறு, மேசையில் குடித்த கோப்பைகள். யார் எட்டிப் பார்த்தாலும் திரும்பி வருவார்கள் என்று நினைக்கவேண்டும்.

"கோப்பையளிலை கொஞ்சம் தேத்தண்ணி மிச்சம் விட்டது நான். அம்மாக்குக்கூட அந்த யோசினை வரேல்லை. என்ரை மகள் பார், ஒட்டக் குடிச்ச கோப்பையை வைச்சிருக்கிறாள்."

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பக்கத்து வீட்டிலை ஒரு முஸ்லிம் மனுசி. எங்கடை டெலிபோனை வெட்டினாப் பிறகு தன்ரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதைக்க விட்டவ. அது தெரிஞ்சிருந்தாலே அவவைப் பிடிச்சிருப்பாங்கள். வாசல்லை நிண்டு, எப்ப வாறியள் எண்டு கேட்டா. ஞாயிற்றுக்கிழமை எண்டன். வழியிலை தின்னுங்கோ எண்டு பேரீச்சம்பழம் வைச்ச பணியாரம் கட்டித் தந்தா. லொறியிலை படங்குச் சீலைக்குக் கீழை படுத்துக்கொண்டு அதைத்தான் தின்னனாங்கள். பிறகு மலை, கழுதை, எல்லை. பொலிஸ் முதல்லை அவவின்ரை கதவைத்தான் தட்டியிருக்கும். என்ன செய்தாங்களோ, இண்டைக்கும் தெரியாது."

போர்க்காலத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது ஊரே ஒன்றாக வெளிக்கிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளில்தான் எங்கள் அரிசிமூட்டையும் போனது. யாருக்கும் ஒளித்துப் போகவேண்டி வரவில்லை. அதையும் ஒரு கொடுப்பினை என்று எண்ணவேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"கழுவு" என்றார்.

கழுவினேன். சூப்பை ஊற்றினேன். ஈர உடுப்பைப் பையில் போட்டேன். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றச் சொன்னார். அதன் இரைச்சல் நின்றதும் வீடு திடீரென்று வெறுமையாகிவிட்டது. அப்போதுதான் மகள் சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து, சமையலறையைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

"என்னம்மா செய்யிறியள்?"

"வீட்டை விட்டுப் போறன். போற ஆக்கள் செய்யிற வேலை."

மகள் என்னைப் பார்த்தார்.

"அவளைப் பாக்காதை. அவள் வாயே திறக்கேல்லை. இந்த வேலையை உன்னைவிட நான் வடிவாச் செய்தனான்."

"நீங்கள் வரமாட்டியள் எண்டு பயந்துதான்."

"வாறன்தானே."

மகள் கையுறையைக் கழற்றாமலே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா அவர் தோளைத் தடவவில்லை, திட்டவும் இல்லை. கோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஹெய்ட்டிக்காரி இரவு உடுப்போடு வந்தார்.

"என்ன, இப்பவே வெளிக்கிட்டியோ? ரெண்டு கிழமை நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

"ரெண்டு கிழமை இல்லை. இனி வரமாட்டன்."

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். நடைபாதையில் வேறு யாருடைய வீட்டிலோ தொலைக்காட்சி சத்தம் போட்டது.

"இதை ஏன் எனக்குச் சொன்னாய்?" என்றார் மெதுவாக. "ரெண்டு கிழமை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருப்பன். இண்டைக்கெண்டாலும் நித்திரை வந்திருக்கும்."

"தெரியும்" என்றார் அம்மா. "உனக்காகச் சொல்லேல்லை. எனக்காகத்தான் சொன்னனான்."

அந்தப் பெண் தலையாட்டினார். மன்னித்த தலையாட்டலா, வெறும் தலையாட்டலா என்று எனக்கு விளங்கவில்லை. மகள் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு காத்து நின்றார்.