ஒரு பக்கமாகச் சாய்ந்த தொப்பி

என் வீட்டுக்காரரின் தங்கைக்குக் காதுக்குப் பின்னால் கட்டி வந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே லயத்து வரிசை வீட்டில், அவளும் புருஷனும் சின்ன மகளும் ஒரு காம்பரா அறையிலும் நாங்கள் அடுத்ததிலும் இருந்தோம். அவள் கொழுந்து பறித்தாள். நான் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். டிக்கோயா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று அங்கேதான் சொன்னார்கள்.

தலைக்குக் கதிர் பாய்ச்சினார்கள். கரண்டு வைப்பது என்று நாங்கள் சொல்வோம். திரும்பி வந்தவள் முக்காட்டை எடுக்கவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு மட்டும் காட்டினாள். இடுப்புவரை பின்னல் போட்டிருந்தவளுக்கு அங்கங்கே பூனை மயிர்போலச் சில இழைகள்தான் மிஞ்சியிருந்தன. தோல் கருகியிருந்தது.

கல்யாணத்துக்கு முன் நோர்வூட் பக்கம் ஒரு பங்களாவில் ஆயாவாக இருந்தபோது கம்பளி பின்னப் பழகியிருந்தேன். பழைய ஜெர்சி ஒன்றைப் பிரித்து, நூலின் சுருக்கம் போக நனைத்துக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்து, ஒரு குல்லா பின்னிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டாள்.

“இது இருமல் வந்த தாத்தா போடற குல்லா, மதினி. ஏப்ரல்ல ரேஸ் பாக்க நுவரெலியாவுக்கு வர்ற துரைசாணிங்க போடுவாங்களே, ஒரு பக்கமா சாஞ்சு. அந்த மாதிரி பின்னுங்க.”

“அதெல்லாம் எனக்குப் பின்ன வராது புள்ள.”

“முயற்சி பண்ணிப் பாருங்களேன். மொட்டைன்னு சொல்றதுக்கு, பைத்தியம்னு சொல்லட்டும்.”

எத்தனை முறை பிரித்துப் பின்னினேனோ. கடைசியில் நீல நிறத்தில், வலக்காதை மறைத்துச் சாய்ந்து, ஓரத்தில் ஒரு கம்பளிப் பூவோடு ஒன்று வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை அவள் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போனாள். கூடைக்கயிறு தலையில் அழுந்தும் இடத்தில் தொப்பி மெத்தைபோல இருந்தது. காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்த கண்டாக்கு ஐயா அதைப் பார்த்துவிட்டார்.

“துரைசாணி வந்துட்டாங்க. நாற்காலி போடவா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“போடுங்க ஐயா. நிக்க முடியல,” என்றாள் அவள். சிரிப்பு நின்றுபோனது.

மழைக்காலம் முடியுமுன் கட்டி மறுபடி வந்தது. மறுபடி கொழும்பு, மறுபடி கரண்டு. அந்த முறை வீட்டுக்கு வந்தவள், வார்டில் அவளுடைய தொப்பி கட்டில் கட்டிலாகப் போய்வந்ததாகச் சொன்னாள்.

“பக்கத்துக் கட்டில் சிங்கள அக்கா செவப்புல ஒண்ணு கேட்டாங்க. யாழ்ப்பாணத்து டீச்சருக்குக் கறுப்பு. தூரத்துல பாத்தா முடி மாதிரி இருக்கணுமாம்.”

குழந்தைகள் தூங்கும் மத்தியானங்களில் இரண்டையும் பின்னினேன். அடுத்த முறை ரயிலில் நானே அவளோடு போனேன். வார்டில் டீச்சரின் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். நாத்தனார் நர்ஸிடம் சிங்களத்தில் கேட்டாள். டீச்சர் இறந்துவிட்டார். சிங்கள அக்காவை இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

நான் தொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சரின் கட்டிலில் இருந்தவள் கறுப்புத் தொப்பியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். கொடுத்தேன். போட்டுக்கொண்டு, யாருக்குப் பின்னியது என்று சைகையில் கேட்டாள். அவளையே விரல் நீட்டிக் காட்டினேன்.

“செவப்பை யாருக்கும் குடுத்துடாதீங்க மதினி,” என்றாள் நாத்தனார். “அந்த அக்கா திரும்பி வந்தா கேப்பாங்க.”

அவளும் அதற்குப்பின் அதிக காலம் இருக்கவில்லை. லயத்துக் காம்பராவிலேயே, ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். குளிப்பாட்ட வந்த பெண்கள் தொப்பியில் கை வைத்தார்கள்.

“அது இருக்கட்டும்,” என்றேன்.

“எண்ணெய் சீயக்கா வைக்காம எப்படி அனுப்பறது? தள்ளும்மா.”

நான் குறுக்கே நின்றேன். தோளைப் பிடித்து விலக்கிவிட்டார்கள். தொப்பியை எடுத்தபோது அவளுடைய ஐந்து வயது மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். தாயின் மொட்டைத் தலையை அதுவரை அவள் பார்த்ததே இல்லை.

“இது எங்கம்மா இல்ல,” என்றாள்.

அழவில்லை. கிட்டவும் வரவில்லை. குளிப்பாட்டி முடிந்ததும் தொப்பியை மறுபடி போட்டுவிட்டேன். நாத்தனார் சாய்த்துப் போடும் விதம் என் கைக்கு வரவில்லை. பிள்ளையைத் தூக்கி வந்து காட்டினேன். அவள் முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

காரியம் முடிந்ததும் தகப்பன் அவளை ராகலையிலிருந்த தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, “அம்மா ஆஸ்பத்திரியில இருந்து வந்தா நான் எங்க இருக்கேன்னு சொல்லுங்க அத்தை,” என்றாள். சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

மறு வருடம் திருவிழாவுக்கு அவர் மட்டும் வந்திருந்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“அம்மா கொழும்புல இருக்காங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுது,” என்றார். “மொதல்ல திருத்திப் பாத்தேன். இப்ப விட்டுட்டேன்.”