தம்புராவைத் தின்ற மைக்

அண்ணனிடம் கொடுத்த தாளில் நான்கு வரிகள் எழுதியிருந்தேன். ஒன்று, கையடக்க ரெக்கார்டர். மைக் அதிலேயே இருக்க வேண்டும். இரண்டு, ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியை அணைக்க முடிய வேண்டும். மூன்று, ஸ்டாண்டில் மாட்ட அடியில் திருகு. நான்கு, காலர் மைக் வேண்டவே வேண்டாம். நான்காவதை அடிக்கோடிட்டிருந்தேன்.

அவன் காலர் மைக் வாங்கி வந்தான்.

டிசம்பரில் ஒரு சபாவில் இளம் பாடகர்களுக்குக் கச்சேரி தருகிறார்கள். அதற்கு இருபது நிமிடப் பதிவு அனுப்ப வேண்டும். ஒரே மூச்சில் பாட வேண்டும், வெட்டி ஒட்டக்கூடாது, தம்புரா கேட்க வேண்டும். முப்பது வயது ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். எனக்கு இருபத்தொன்பது. இதுதான் கடைசி வாய்ப்பு. அண்ணனுக்கும் அது தெரியும். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் கடை மூடிவிடும் என்பதால்தான் அவனை நம்பினேன்.

"எல்லாரும் இதான் மாட்டறாங்க. நீ என்ன ராக்கெட்டா விடப் போற, இவ்ளோ பெரிய லிஸ்ட்டு?"

"நான் பைக்கைப் பத்திப் பேசப் போறதில்லண்ணா. பாடப் போறேன்."

"பாட்டும் வாயாலதானே பாடுவ?"

அவன் பைக் ஓட்டியபடி பேசி வீடியோ போடுகிறவன். பெருங்களத்தூர் சிக்னலில் நின்று பேசினாலும் அவன் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். அதுதான் அந்த மைக்கின் பெருமை. விடாமல் ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும்.

தம்புரா விடாமல்தான் ஒலிக்கும்.

அம்மா கெஞ்சியதால் ஒருமுறை பாடிப் பார்த்தேன். கேட்டபோது தம்புரா இல்லவே இல்லை. அதைவிட மோசம், மேல் ஸட்ஜமத்தில் நான் நின்ற இடம். மூன்று விநாடி குரல் இருந்தது, பிறகு மெலிந்து காணாமல் போனது. அந்த மைக்குக்கு நானும் ஒரு மின்விசிறிதான். இரைச்சல் நீக்கும் பொத்தானை அணைத்துவிட்டுப் பாடினால் துப்பட்டா உரசும் சத்தம்தான் முன்னால் நின்றது.

"தம்புராவத் தனியா எடுத்து நான் ஒட்டித் தரேன். எவனுக்குத் தெரியும்?" என்றான் அண்ணன்.

"எனக்குத் தெரியும்."

"ஆமா, பெரிய அரிச்சந்திரன் பேத்தி!"

நானே ரெக்கார்டருக்கு ஆர்டர் போட்டேன். கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரைக்குத்தான் கூரியர் வந்தது. ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். மாடி அறையில் இருந்த அண்ணனிடம் போய், ஐந்திலிருந்து அரை மணி நேரம் மோட்டார் போடாதே என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த போர்வெல் மோட்டார் என் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது.

ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது.

"தொட்டியில தண்ணி இல்ல," என்று மேலிருந்து குரல் வந்தது. "உன்னோட ஒசத்தி மிஷின் இதெல்லாம் சமாளிக்காதா?"

காலையில்தான் தொட்டி வழிந்தது. மாடிப்படிக்கு அடியில் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். அவன் திரும்பப் போட்டுவிடக்கூடாது என்று பியூஸ் கேரியரையும் பிடுங்கிக்கொண்டேன். மோட்டார் நின்றது. வீடே நின்றது. ரெக்கார்டர் இரண்டு பென்சில் செல்லில் ஓடுவது, தம்புரா ஆப் என் போனில். அறையை உள்ளே தாழிட்டு, ரெக்கார்டரை மூன்றடி தள்ளி வைத்து, கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினேன்.

ஏழாவது நிமிடத்தில் கதவு அதிர்ந்தது.

"ஏய்! வீடியோ எடிட் பண்ணிட்டிருந்தேன்டி! சேவ் கூடப் பண்ணல! பியூஸ எங்கடி வெச்ச?"

நிறுத்தினால் மறுபடி பாட நேரம் இருந்தது. நிறுத்தினால் மறுபடி தட்டுவான் என்பதும் தெரிந்தது. பாடினேன். கையில் தாளம் பிசகவில்லை. "கதவ ஒடச்சிடப் போறடா, வா இந்தப் பக்கம்," என்று அம்மா அவனை இழுத்துப்போனது வரை எல்லாம் பதிவில் ஏறியது. வெட்டக்கூடாது என்பது விதி. வெட்டவில்லை. ஸட்ஜமம் மட்டும் கடைசி வரை நிற்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். நின்றது. அடியில் தம்புராவும் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. தேர்வாகியிருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி. கதவுச் சத்தத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"அண்ணனையும் ஒரு வார்த்தை கூப்பிடும்மா," என்றாள் அம்மா. "அவனுக்கும் ஆசையிருக்காதா?"

"வேண்டாம்மா. அவன் சத்தம் அங்க ஏற்கெனவே போயாச்சு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கச்சேரிக்கு நானும் அவளும்தான் மின்சார ரயிலில் போனோம்.