அடுப்பில் போட்ட புத்தகம்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில், எங்கள் வீட்டு விறகடுப்பில் மகள் பழைய பத்திரிகையைக் கொளுத்தினாள். கடதாசி கருகும் மணம் என்னை யாழ்ப்பாணத்துக்கு இழுத்துப் போனது.

என் தகப்பனை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் குடியியல் ஆசிரியர். மக்களின் சம்மதம் இல்லாமல் ஆள எவருக்கும் உரிமையில்லை என்று முன்னொரு காலத்தில் எழுதி, அதற்காகவே ஊர் ஊராகத் துரத்தப்பட்ட ஓர் ஐரோப்பியச் சிந்தனையாளர்மீது அவருக்கு அப்படியொரு பிரியம். சோறு பிசைந்தபடியே எனக்கு அந்த மனிதரின் கதையைச் சொல்வார்.

ஒருநாள் பின்னேரம் தோளில் துவக்குகள் தொங்க, இயக்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அம்மா கொடுத்த தண்ணீரை அவர்கள் வாங்கவில்லை.

"மாஸ்டர், உந்த ஆளைப் பற்றி இனி வகுப்பில கதைக்க வேண்டாம்," என்றான் ஒருவன். அவன் ஐயாவிடம் படித்தவன்.

அவர்கள் போனதும் அம்மா அந்தச் சிந்தனையாளர் எழுதிய புத்தகத்தை எடுத்து அடுப்பில் போட்டார். ஐயா தடுக்கவில்லை.

"எரியட்டும். எனக்கு முழுக்க மனப்பாடம்," என்றார்.

மறுநாள் புத்தகமில்லாமலே அதைப் படிப்பித்தாராம். மத்தியானம் அந்த இளைஞர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய சைக்கிளைப் பக்கத்து வீட்டு அண்ணை உருட்டிக்கொண்டு வந்தார். ஐயா திரும்பி வரவேயில்லை.

மகள் அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நாளைக்கு வகுப்பில நான் ஒராளைப் பற்றிக் கதைக்கவேணும்," என்றவள் பெயரைச் சொன்னாள். ஐயா படிப்பித்த அதே சிந்தனையாளர்.

"வேண்டாம் பிள்ளை, வேற ஆளை எடு."

ஏன் என்று டெனிஷில் கேட்டாள். இங்கே எவரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் என் கண் வாசலுக்குப் போனது.