பாக்கியத்தின் படத்துக்கு இடமில்லை

பிரிந்தவர்களைத் தேடும் இணையத்தளத்துக்குப் பெயர் அடித்துக் கொடுக்கிற வேலையில், விரல் வலியைவிட எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். இலவச டேட்டாபேஸை நம்பிச் சின்னத் தளம் ஒன்றை நடத்தியவர்கள் இதை வாசித்தால், என் மனவருத்தம் அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை இங்கே மிஞ்சியவர்கள் தேடட்டும் என்று என் மகன் ரவி அந்தத் தளத்தைச் செய்தான். ஹட்டனில் போன் பேசவும் இன்டர்நெட் பார்க்கவும் அவன் வைத்திருந்த கொமினிகேஷன் கடையில் நான்தான் டைப் அடிப்பது.

கேள்விக்குறிகள்

டேட்டாபேஸ் என்பது பெயர், தோட்டம், படம் எல்லாவற்றையும் அடுக்கி வைக்கிற பெட்டி மாதிரி. காசு கொடுத்து வாங்க எங்களுக்கு வழியில்லை. இலவசமாக இரண்டு கிடைத்தன. முதலாவதில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்து நின்றது. அதைச் சரிப்படுத்த ரவிக்கு அப்போது தெரியவில்லை.

அன்றைக்கு அக்கரப்பத்தனையிலிருந்து செல்லம்மா அக்கா வந்திருந்தார். கப்பலேறிப் போன தங்கை பாக்கியத்தைத் தேடுகிறவர். "அது என்னா, கொக்கி கொக்கியா நிக்குது?" என்றார். "கேள்விக்குறி அக்கா. தங்கச்சி பேரு சரியா விழல."

"சரியாத்தான் விழுந்திருக்கு. அவ இருக்காளா இல்லையான்னு இருபத்தஞ்சு வருசமா நானும் அதைத்தானே கேக்குறேன்."

யாரை வெட்டுவது

இரண்டாவது, ஒரு பெரிய கம்பெனியின் இலவசப் பதிப்பு. தமிழ் அழகாக விழுந்தது. ஓர் அளவுக்கு மேல் நிறைந்தால் புதிதாக எதையும் ஏற்காது, அது ஒன்றுதான் குறை. "நம்ம சனத்துக்கு இதே தாராளம்மா" என்று ரவி அதையே எடுத்தான். படங்களை மட்டும் வெட்டிச் சிறிதாக்கிப் போடச் சொன்னான்.

செல்லம்மா அக்கா கொண்டுவந்தது, கப்பலுக்குப் போகிற ரயிலில் ஏற்றி ஸ்டேஷனில் வழியனுப்பிய அன்று எடுத்த ஒரே படம். பாக்கியத்தைச் சுற்றிப் பதினோரு பேர். முகத்தை மட்டும் வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு யாருடைய படத்தையும் நான் வெட்டவில்லை, எல்லாவற்றையும் முழுசாகவே ஏற்றினேன்.

"யாரை வெட்டுவீங்க தங்கச்சி? அதுல அழுதுகிட்டு நிக்கிறது பூரா எங்க ஆளுங்கதான்."

நிறைந்த நாள்

மூன்று வருடம் ஓடியது. ரவி கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒருநாள் காலை புதுப்பெயர் ஏற மறுத்தது. மஸ்கெலியாவிலிருந்து வந்த ஆறு பேர் வாசலில் காத்திருந்தார்கள். ரவிக்குப் போன் எடுத்தேன். பெரிய பதிப்பு வாங்கக் காசில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு வருடமாக ஆள் வந்து விசாரிக்காத படங்களை அழித்து இடம் எடுக்கச் சொன்னான்.

செல்லம்மா அக்கா வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்ததால் பாக்கியத்தின் படமும் அதில் சேர்ந்தது. பெயர்களை மட்டும் விட்டுவைத்து, "மாரியம்மா தாயே, மன்னிச்சுக்க" என்று ஒவ்வொரு படத்துக்கும் சொல்லிச் சொல்லித்தான் அழித்தேன். நகல் எடுத்து வைக்க எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. போனிலேயே அழுதுவிட்டேன்.

"அசல் படம் அவங்கவங்க வீட்ல இருக்கும்தானேம்மா, ஏன் அழுறீங்க?"

கோத்தகிரியிலிருந்து

இரண்டே மாதத்தில் ஒரு மின்னஞ்சல். கோத்தகிரியில் இருக்கும் பாக்கியத்தின் மகனாம். அம்மாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது, பேர் சொன்னால் யாரையும் தெரிவதில்லை, பழைய முகங்களைக் காட்டினால் மட்டும் பேசுகிறார், படம் இருந்தால் சீக்கிரம் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

பஸ் பிடித்து அக்கரப்பத்தனைக்கு ஓடினேன். லயத்து வீட்டில் செல்லம்மா அக்கா இல்லை. இறந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. மருமகள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். படத்தைக் கேட்டேன்.

"சவப்பெட்டிக்குள்ள அத்தை கையிலயே வச்சு அனுப்பிட்டோங்க. உங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குன்னுதான் வச்சோம்."

இலவசப் பதிப்பை எடுக்கப் போகிறவர்கள் அதில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டும் கேட்காமல், நிறைந்த பிறகு யாரை வெளியே தள்ளுவோம் என்பதையும் அன்றைக்கே சாமி கும்பிட்டு முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.