மலை இருக்கிறது, காதர் மாமா

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. சாணார்பட்டியில் கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். காதர் மாமாவின் மனைவி மும்தாஜ் அக்கா போன் செய்தார். “தம்பி, ஒங்க மாமா மவுத்தாயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு” என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கை சட்டைப் பையைத் தடவியது. காதர் மாமாவின் சைக்கிள் சாவி அங்கேதான் இருந்தது.

அவரோடு பழகியவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல் நாகல் நகர்க்காரர். நாங்கள் இருவரும் ஒரே தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தோம். அவர் சாம்பிள் தோல்களை எடுத்துக்கொண்டு வெளிநாடு போவார், நான் இங்கே கடிதம் எழுதுவேன். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளே. ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்கார மாட்டார். இதை எழுத உட்கார்ந்த நானும் இதற்குள் நாலு முறை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

எந்த ஊரானாலும் வேலை முடிந்த கையோடு வாடகை சைக்கிள் தேடுவார். “ஊரோட மேடு பள்ளம் காலுக்குத் தெரியணும் மாப்ளே. டாக்சில போனா சீட்டுக்குத்தான தெரியும்?” என்பார். இஸ்தான்புல்லில் பாதி ஊரிலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேடு ஏறினாராம். மிலானைப் பற்றிக் கேட்டால் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி விழுந்ததை மட்டும் சொல்வார். ஹனோயில் ஒரு சந்திப்பில் கால்மணி நேரம் நின்றும் ஒரு வண்டியும் வழிவிடவில்லை. கடைசியில் சைக்கிளில் பூ விற்றுக்கொண்டு போன ஓர் அம்மாவின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு கடந்தாராம். திரும்பி வந்ததும் நம் பஸ் ஸ்டாண்டு முனையில் நின்றுகொண்டு, “இங்கன வர்ற வெளியூர்க்காரன் யாரு பின்னாடி போவான்?” என்று கவலைப்பட்டார்.

ஹாம்பர்க் பயணத்துக்கு மட்டும் என்னையும் இழுத்துப் போனார். சைக்கிள் ஏறினால் போன் கூடாது என்பது அவர் சட்டம். இரண்டு போன்களும் ஓட்டல் அறையில் கிடந்தன. திண்டுக்கல்லில் எங்கே நின்றாலும் மலைக்கோட்டை தெரியும். அதை எந்தக் கைப்பக்கம் வைத்துப் போவது என்று தெரிந்தால் போதும், வழி தவறாது. அந்தப் பழக்கத்தில் அவர் அங்கேயும் ஒரு மலையைத் தேடினார். “அந்தா, கூரைக்கு மேல வெள்ளையா ஒசந்து தெரியுதுல்ல, அதுக்குப் பக்கத்துலதான் நம்ம ரூமு. அதான் இன்னைக்கு மலை” என்றார். நானும் நம்பினேன். இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு நிமிர்ந்தால் அது அங்கே இல்லை.

“மாமா, மலையக் காணோம்!”

அது ஒரு பயணிகள் கப்பல். கிளம்பிப் போய்விட்டது. ஆறு மணிக்கு ஓட்டலில் எங்களைப் பார்க்க, தோல் வாங்குபவர் ஒருவர் வருவதாக இருந்தது. நான் கத்தினேன். மாமா நடைபாதையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். “மலையே கெளம்பிப் போயிருச்சு, நம்ம மட்டும் ரூமுக்குப் போயி என்னடா செய்ய? வா, இன்னொரு சுத்து சுத்துவோம்.” எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் சுற்றினேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் காலையில் நம் மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு எனக்குப் போன் போடுவார். “மலை எங்கயும் போகல மாப்ளே.” அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு இதயத்தில் கோளாறு வந்தது. சைக்கிளே கூடாது என்றார் டாக்டர். மாமா கேட்பாரா? “நீங்களாச்சும் அதப் பூட்டிப் போடுங்க தம்பி” என்று அக்கா அழுதார். புதுப் பூட்டு வாங்கிப் பூட்டி, சாவியை நான் வைத்துக்கொண்டேன். மூன்று ஞாயிறு போன் வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்தது.

“செத்த நேரம் சாவியக் குடு மாப்ளே. மலை இருக்கான்னு பாத்துட்டு வந்துர்றேன்.”

“ஒங்க மொட்டமாடில ஏறி நின்னாலே தெரியுமே மாமா.”

“மாடில நின்னா ஒரு பக்கந்தான்டா தெரியும்” என்றார்.

நான் கொடுக்கவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமைதான் அக்காவின் போன் வந்தது.

கொடுத்திருக்கலாம், மாமா. கொடுத்திருந்தால் வழியிலேயே விழுந்திருப்பீர்களோ என்னவோ. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்தபோது அவர் மகள் வாசலில் நின்றாள். “பூட்டத் தொறந்து வண்டிய நீங்களே எடுத்துட்டுப் போவீங்களாம் மாமா. அத்தா வண்டி பூட்டிக் கெடக்க வேணாம்னு அம்மா சொல்றாங்க.” மாடிப்படிக்குக் கீழே நின்றது சைக்கிள். இரண்டு சக்கரத்திலும் காற்று இறங்கியிருந்தது. திறந்தேன். பூட்டை வழியிலேயே சாக்கடையில் எறிந்தேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சைக்கிளும், ஓரிடத்தில் உட்கார விடாத இந்தத் தவிப்பும்தான். ஞாயிறு காலையில் மலையைச் சுற்றிவிட்டு மும்தாஜ் அக்காவுக்குப் போன் போடுகிறேன். அக்கா, கணவர் மவுத்துக்குப் பிறகு இருக்கும் இத்தாவில் இருக்கிறார். நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டார்.

“மலை எங்கயும் போகலக்கா” என்கிறேன்.

பூட்டச் சொன்ன அதே அக்கா கேட்கிறார்: “அந்தப் பக்கமும் போயிப் பாத்தீங்களா தம்பி?”