சம்பந்தி காதுக்கு ஒரு பேரிங்

கார் ரிப்பேர் தொழிலில் காரைக் கழற்றி மாட்டுவது சுலபம். காரின் சொந்தக்காரரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. பழைய கார் வைத்திருந்து பாதி ராத்திரியில் தள்ளியவர்களும், அப்படித் தள்ளியவர்களிடம் திட்டு வாங்கிய மெக்கானிக்குகளும் இதைப் படித்தால் ஒரு பெருமூச்சு விடுங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம். காஜா பெராங்கில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் வொர்க்‌ஷாப்பில் எஞ்சின் பிரித்துக் கட்டுவது என் வேலை. எத்தனையோ எஞ்சின் பிரித்திருக்கிறேன். ஆனால் என் தலைமுடியைச் சீக்கிரம் நரைக்க வைத்தது ஒரே ஒரு டாக்சிதான். அதன் கதையை மட்டும் சொல்கிறேன்.

சத்தம் எங்கே?

முத்தையா அண்ணன் மலாக்காவிலிருந்து தம்பின் ஊர் ரயில் ஸ்டேஷனுக்கு டாக்சி ஓட்டுபவர். ஒருநாள் காலையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல் ‘டொக் டொக்’ என்று சத்தம். ரோட்டில் கல் ஜாஸ்தி என்றார். பிறகு டயர் என்றார். கடைசியில், பின்னால் ஸ்பேனர் உருளுகிறது என்றார். வண்டியோ நின்றுகொண்டிருந்தது! “அண்ணே, பேரிங் போச்சு” என்றேன். எஞ்சினுக்குள் கிராங்க் என்று ஒரு வளைந்த தண்டு சுழலும். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் அரைவட்டத் தகடுகள்தான் பேரிங். அவை தேய்ந்தால் தண்டு ஆடும், ஆடினால் தட்டும்.

அண்ணன் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் மகள் சரோஜாவைப் பெண் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து வருகிறார்களாம். ரயிலில் வந்து தம்பினில் இறங்குவார்கள். அங்கிருந்து இந்த டாக்சியில்தான் அழைத்து வரவேண்டும். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். எந்த இரும்பு எங்கே இருமினாலும் கண்டுபிடித்துவிடும் காது. ஈப்போவில் ஒரு வீட்டில் தையல் மெஷின் கடகடத்தது என்பதற்காக, பெண்ணையே பார்க்காமல் எழுந்து வந்தவராம். ‘பிழைப்புக்கு வைத்திருக்கிற சாமானையே கவனிக்காதவன் வீட்டில் சம்பந்தம் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டாராம். இந்த இடம் தட்டிப்போனால் சரோஜாவுக்கு இன்னொரு நல்ல இடம் எப்போது வருமோ என்று அண்ணனுக்குக் கவலை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, சத்தம் எனக்குக் கேட்டா பரவால்லை. சம்பந்திக்குக் கேக்கக் கூடாது!”

தகர வைத்தியம்

எஞ்சினைப் பிரித்துப் பரப்பியதும் ஊரில் உள்ள டாக்டர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஒருவர் கெட்டியான எண்ணெய் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் பெல்ட் தோலை வெட்டி உள்ளே வைக்கச் சொன்னார். சொன்னவருடைய பெல்ட்டையே கேட்டேன், ஆளைக் காணோம்.

எல்லாரையும் மிஞ்சியவர் கல்யாணத் தரகர் கோவிந்தன். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவரே அவர்தான். சிகரெட் டின்னை வெட்டி, அந்தத் தகரத்தைப் பழைய பேரிங்குக்குப் பின்னால் சொருகினால் இறுக்கமாகிவிடும், ஒரு நாளைக்குச் சத்தம் வராது என்றார். “பொண்ணு பார்க்கிறது ஒரு நாள் வேலைதானே? அன்னைக்குத் தாங்கினாப் போதும்!” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குக் கோபம் வந்து ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் முத்தையா அண்ணன் தரகரை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் கோவிந்தா, அப்ப நீ பார்த்திருக்கிற மாப்பிள்ளைக்கும் எங்கேயாச்சும் தகரம் வச்சிருக்கியா?”

மூன்று முடி

தேய்ந்த கிராங்கைக் கடைந்து வழவழப்பாக்க வேண்டும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு ‘தவ்’ என்று பேர். இருபது தவ் கடைந்தும் கீறல் போகவில்லை. முப்பது வரை போனபிறகுதான் தண்டு கண்ணாடி மாதிரி ஆயிற்று. தண்டு எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு தடிப்பான பேரிங் போட வேண்டும். இதை அண்ணனுக்குப் புரியவைப்பதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது. “இளைச்சவனுக்கு எதுக்குத் தடிச்ச சட்டை?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

இருவருமாகப் பண்டார் ஹிலிரில் காதர் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். பேரிங் பெட்டியைப் பாய் பாசத்தோடு துடைத்து எடுத்து வைத்தார். பேரிங்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் இருபது என்று அடித்திருந்தது. முப்பது இல்லையாம். “மெர்டேக்கா வந்துட்டா முப்பது இங்கேயே கிடைக்குமா பாய்?” என்று அண்ணன் இடையில் புகுந்தார். பாய் அவரை விட்டுவிட்டு என்னிடம் குழைந்தார். “பத்து தவ்தானே தம்பி வித்தியாசம்? மூணு முடி கனம்கூட இருக்காது. இதையே போட்டு ஓட்டு.” அந்த மூன்று முடி இடைவெளியில்தான் சம்பந்தி காதை வைக்கப் போகிறார் என்பது எனக்கல்லவா தெரியும்! “பாய், அந்த மூணு முடி உங்க பிரியாணியில கிடந்தா சாப்பிடுவீங்களா?” என்றேன். பாய் என்னை முறைத்தார். பிறகு பெட்டியை மூடிவிட்டு, உள்ளே பார்த்துக் கத்தினார்: “சிங்கப்பூருக்குத் தந்தி அடிங்கப்பா! இந்த ஆளு என் சாப்பாட்டுல கைய வச்சுட்டாரு!”

ஊர்வலம்

முப்பது வந்து சேர்ந்தது. சிகரெட்டில் எங்கள் தொழிலுக்கு உதவுவது தகரம் இல்லை, தாள்தான். ஒரு துண்டுத் தாளைப் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் வைத்து, பேரிங் மூடியை முறுக்கிவிட்டுக் கிராங்கைக் கையால் சுற்றினேன். லேசாகப் பிடித்தது. தாளை எடுத்ததும் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு சுற்றியது. அளவு கச்சிதம்! எனக்கு இருந்த சந்தோஷத்தில் தவுக்கேக்கு நானே கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த சண்டை அப்போதுதான் ஆரம்பித்தது. புதுப் பேரிங் தண்டோடு பழகும்வரை வண்டியை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். விரட்டினால் சூடேறி மொத்தமும் போய்விடும். பின்னால் ‘புது எஞ்சின், முந்திச் செல்லவும்’ என்று ஒரு அட்டையும் கட்டிவிட்டேன். வெள்ளோட்டத்துக்கு நானும் அண்ணனும் காஜா பெராங் ரோட்டில் போனோம். எங்கள் பக்கத்து வீட்டுச் செட்டி மாமா சைக்கிளில் வந்தார். மலாக்காச் செட்டிகள் தமிழ் வம்சம்தான், பேசுவது மட்டும் மலாய். நிதானமாக எங்களை முந்தினார். முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்து, இது காரா ஊர்வலமா என்று சிரித்தார்: “இனி கெரேத்தா கா, பெராராக்கான் கா?” அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். என்னிடம் பொரிந்து தள்ளினார்: “இந்த வேகத்துல அவங்களைக் கூட்டிட்டு வந்தா, பொண்ணு பார்த்துட்டு நேரா அறுபதாம் கல்யாணத்தை வச்சுக்க வேண்டியதுதான்!”

குடைக் காது

அந்த நாளும் வந்தது. முத்தையா அண்ணன் வீட்டு வாசலில் வெளுத்த சட்டையோடு காத்திருந்தேன். ரயில் வந்து வெகு நேரம் ஆகியும் டாக்சியைக் காணவில்லை. வழியில் பேரிங் பிடித்துக்கொண்டதா? யாரிடம் கேட்பது? வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன். கடைசியில் ஒரு லாரி, ஒரு பஸ், ஒரு மாட்டு வண்டி எல்லாவற்றுக்கும் வழிவிட்டுக்கொண்டு டாக்சி வந்து நின்றது. அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. வழி நெடுக சம்பந்தி எஞ்சின் பக்கமே காதைச் சாய்த்துக்கொண்டு வந்தாராம்.

மனைவியோடும் மகனோடும் சம்பந்தி இறங்கினார். வீட்டுக்குள் போகவில்லை. “எஞ்சினை அணைக்காதீங்க” என்று சொல்லி, முன்மூடியைத் திறந்து, கையிலிருந்த குடையின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியை டாக்டர் குழல் போலக் காதில் வைத்துக்கொண்டார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. தரகர் கோவிந்தன் மெல்ல மெல்ல வேலியோரம் நகர்ந்தார். “யாரு கட்டினது?” என்றார் சம்பந்தி. நான் கையைத் தூக்கினேன். “எத்தனை?” “முப்பதுங்க.” “தகரம்?” “சத்தியமா இல்லைங்க.” குடையை எடுத்துவிட்டு உள்ளே நடந்தார்.

உள்ளேயும் விட்டபாடில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, சம்பந்தி என்னிடம் பேரிங்கைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். சரோஜா கோப்பித் தட்டோடு வந்து நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கோப்பியும் ஆறியது. “பொண்ணைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?” என்று அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “சத்தமே இல்லை. நல்லா உக்காந்திருக்கு” என்றார் சம்பந்தி, பேரிங்கைத்தான்!

சரோஜா தட்டைக் கீழே வைத்தாள். “மாமா, வண்டியில சத்தம் வரலைன்னு பார்த்துட்டீங்க. உங்க மகனும் வந்ததுலேருந்து சத்தமே இல்லாம இருக்காரு. ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?”

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் வாசலைப் பார்த்தபோது, யாரோ குபீரென்று சிரித்தார்கள். மாப்பிள்ளை! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி திகைத்துப்போய் மகனைப் பார்த்தார். அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து, சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “இவரு காதுக்குப் பயந்து என் பிள்ளை வீட்டுல வாயே தொறந்ததில்லை. இந்தப் பொண்ணு ஒரே சுத்துல கிளப்பிட்டா. தட்டை மாத்துங்க!”

பேரிங் வாங்குகிறவர்கள் முதுகில் அடித்திருக்கும் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். சம்பந்தி தேடுகிறவர்களே, சம்பந்தி முதுகில் அப்படி நம்பர் எதுவும் அடித்திருக்காது.