கழித்துவிட்ட சேவல்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் போய்க் கோழி சாமி வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கோழி சாமி என்றால் வெங்கிட்டு. மிளகு, சுக்கு மொத்த வியாபாரம் செய்த ஒரு கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். முட்டைகூட உள்ளே வராத வீடு அது. அந்த வீட்டு மொட்டைமாடி முழுக்கக் கோழி எப்படி வந்தது என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. மகள் அம்ருதாவுக்குப் பூக்கண்காட்சி காட்ட எர்ணாகுளம் கூட்டிப் போனவர், கூட்டத்தில் வழி தவறிப் பக்கத்துக் கூடாரத்தில் நுழைந்தார். அங்கே கூண்டுக்குள் பஃப் கொச்சின் என்கிற ஜாதிச் சேவல் ஒன்று. கால் விரல் வரை இறகு. உடம்பெல்லாம் நெய்யில் வறுத்த ரவையின் நிறம். ஊர்ப் பேரை வைத்துக்கொண்டு நிற்கிற அதை ஊரிலேயே பிறந்து வளர்ந்த அவர் அதுவரை பார்த்ததில்லை. பூவை மறந்துவிட்டார். சீக்கிரமே ஒரு ஜோடி மாடிக்கு வந்து சேர்ந்தது. மனைவி கனகாம்பாள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மாடியை விட்டு இறங்கினால் குளித்துவிட்டுத்தான் அடுக்களைப் பக்கம் வரலாம்.

அவருக்குப் பைத்தியம் கோழி மேல் இல்லை, நிறத்தின் மேல். பஃப் என்கிற அந்தப் பொன்னிறம் லேசில் வசப்படாது. வெயிலில் வெளுக்கும், மழையில் மங்கும். மேலே பொன்னாக மினுங்குகிற சேவலின் இறகை விலக்கிப் பார்த்தால் அடியில் பஞ்சுபோல வெள்ளை இருக்கும். கண்காட்சி நடுவர்கள் அதைத்தான் தேடுவார்கள்; முதுகில் வாயால் ஊதி, தோல் வரைக்கும் பார்ப்பார்கள். தோல் வரை ஒரே நிறம் வர வேண்டும் என்றால் நல்ல நிறத்தை நல்ல நிறத்தோடு சேர்க்க வேண்டும், மற்றதைக் கழிக்க வேண்டும்.

கழிப்பதில்தான் சாமிக்கு இடித்தது. மற்ற வளர்ப்புக்காரர்கள் கழித்ததைக் கறிக்கடைக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். வெங்கிட்டுவால் அது முடியாது. அதனால் சந்தில் யாரையாவது கூப்பிட்டுச் சும்மா கொடுப்பார். கொடுக்கும்போது ஒரு வார்த்தை.

"வெட்டப்படாது, கேட்டேளா. வளக்கறதுக்காக்கும் தரேன்."

"சே, வெட்டுகயோ? மகனப் போல நோக்கிக்கொள்ளாம் சாமி," என்பார் நாலு வீடு தள்ளி இருக்கும் முஸ்லிம் பெரியவர் பரீத் இக்கா, கோழியின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டபடி. இரண்டு பேருக்கும் சிரிப்பு வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை வெங்கிட்டு இக்கா வீட்டு வாசலைத் தவிர்த்துக் கோயிலுக்குச் சுற்றுவழியில் போவார். இக்காவும் கொஞ்ச நாளைக்குக் கோழிப் பேச்சை எடுக்க மாட்டார். சந்து முழுவதற்கும் தெரிந்த ஏற்பாடு இது.

செல்வலட்சுமிக்கு மட்டும் தெரியாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். கணவன் அருண்பாண்டி கட்டட வேலைக்குப் போக, சந்தின் கோடியில் வாடகைக்கு இருந்துகொண்டு இட்லி மாவு அரைத்து விற்றாள். வந்த புதிதில், இறக்கையில் வெள்ளை விழுந்த ஓர் இளஞ்சேவலை வெங்கிட்டு அவளிடம் கொடுத்தார், வழக்கமான வார்த்தையோடு. பிறகு அதை மறந்துவிட்டார்.

மறு வருஷம் கனகாம்பாளின் கிரைண்டர் கெட்டுப்போய், மாவு வாங்க அவரே தூக்குச்சட்டியுடன் போனார். கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் ஒரு சேவல் நின்றது. கழுத்து, முதுகு, வால், எங்கும் ஒரே நிறம். இத்தனை வருஷமாக மாடியில் அவர் வரவழைக்கப் பார்த்து வராத நிறம்.

"இது எங்கேர்ந்தும்மா கிடைச்சது?"

"என்ன சாமி இப்படிக் கேக்கிய. நீங்க குடுத்ததுதான்."

"நான் குடுத்ததா? அது இன்னும்..." மிச்சத்தை விழுங்கினார்.

"வெட்டக் கூடாதுன்னு சொல்லித்தான குடுத்திய. பெறகு வேற எங்க போவும்?" மாவை மோந்து ஊற்றிக்கொண்டே சொன்னாள். "கோடையில எங்க கொழுந்தன் வந்திருந்தாரு. கண்ணு பூராவும் இது மேலதான். சாமிகிட்ட வாக்குக் குடுத்திருக்கோம்னு சொல்லி, இவுக போயி கடையில பிராய்லர் வாங்கிட்டு வந்தாக. கோழிக்கு உங்க சாமி ஜாதகம் கணிச்சு வச்சிருக்காரான்னு அவரு பேசுன பேச்சு இருக்கே." சிரித்தாள். "ஒரு உசுருன்னு இரக்கப்பட்டுக் குடுத்திருக்கிய. அதைத் தின்னா வயித்துல தங்குமா?"

வெங்கிட்டு கல்லருகே போனார். குனிந்து சேவலைப் பிடித்து முதுகில் ஊதினார். தோல் வரை பொன். இறக்கையை விரித்தார். அன்றைக்கு இருந்த வெள்ளை, குஞ்சு இறகோடு உதிர்ந்துபோயிருந்தது. ஒரு இறகுதிர்ப்பு வரை பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். மாடியில் இடம் இல்லை என்று அவசரப்பட்டுக் கழித்தார். வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் இது ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னார். "அந்த நிறம் நம்ம கூட்டத்துல சேரணும்னா அந்தச் சேவல் வேணும்."

"போய்க் கேளுங்கோ," என்றாள் கனகாம்பாள்.

"என்னன்னு கேக்கறது? நீ வெட்டியிருப்பேன்னு நினைச்சேன், வெட்டலையா, அப்போ திருப்பிக் குடுன்னா?"

அவள் புடலங்காயிலிருந்து தலை தூக்கவில்லை. "வெட்டுவான்னு தெரிஞ்சுதானே எல்லாருக்கும் குடுத்துண்டிருந்தேள்."

இத்தனை காலம் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். காது மடல் சுட்டது. சேவலைத் தொட்ட கையோடு, குளிக்காமலே அடுக்களையில் நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் அதைக்கூடச் சொல்லவில்லை.

சில நாள் அந்தப் பக்கம் போகாமலே இருந்தார். கடைசியில் செல்வலட்சுமியிடம் போய், கண்ணைப் பார்க்காமல் கேட்டார்.

"கொண்டு போங்க சாமி. இங்க சும்மாதான நிக்கி." சேவலை எடுத்து அவர் கையில் வைத்தவள், அதன் கழுத்தை ஒருமுறை நீவிவிட்டாள். "ஒண்ணு மட்டும். காரியம் முடிஞ்ச பெறகு யாருக்கும் வெட்டக் குடுத்துராதிய. எங்களோட பழகிட்டு."

அவள் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"சே, இல்லம்மா," என்றார். சொன்னபோது அது பரீத் இக்காவின் குரல் மாதிரியே இருந்தது.

சேவலால் கூட்டம் மாறியது. அடுத்த குஞ்சுகள் வளர்ந்து இறகுதிர்க்கும் வரை இந்தத் தடவை பொறுத்திருந்தார். பாதிக்கு மேல் தோல் வரை நிறம் வந்திருந்தது. ஆனாலும் கழிக்க வேண்டியவை இருக்கத்தான் செய்தன. விஷயம் தெரிந்து இக்கா வந்து நின்றார். வெங்கிட்டு ஒரு பெட்டையைக் கொடுத்தார். இக்கா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தைக்காகக் காத்து நின்றார்.

"எந்தா சாமி, இன்னைக்கு ஒண்ணும் பறயலையா?"

"என்ன சொல்றது இக்கா. நீங்க வெட்டுவேள். தெரிஞ்சுதான் தரேன். அன்னைக்கும் தெரியும்."

இக்காவின் முகம் கறுத்தது. கோழியை நிமிர்த்தி மார்போடு அணைத்துக்கொண்டு, வேகமாகப் படியிறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெங்கிட்டு சுற்றுவழியில் போகவில்லை. நேரே நடந்தார். இக்கா வீட்டுக்குள்ளிருந்து வறுத்த தேங்காயும் மிளகும் மணத்தன. ஜன்னலுக்குள் நின்ற இக்காவின் மருமகள் அவரைப் பார்த்ததும் பதறிப்போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். சாத்த வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். சாத்திய ஜன்னலைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு கோயிலைப் பார்த்து நடந்தார்.